ஒரு முறம் தவிடு

ஓசூரிலிருந்து மத்திகிரி போகும் சாலையில் இடது பக்கம் ஒரு வண்டிப்பாதை பிரியும். அதன் கடைசியில் ஒரு திராட்சைத் தோட்டமும், தோட்டத்துக்கு நடுவே ஒரு ஓட்டு பங்களாவும் இருந்தன. ஐம்பதுகளின் நடுவில் நானும் என் மனைவியும் அங்கே வேலை செய்தோம். நான் வண்டி ஓட்டினேன், பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன், பழம் அறுத்தேன். அவள் சமைத்தாள். அதுவரை என் வாழ்க்கையில் நான் அதிக காலம் ஒரே கூரைக்குக் கீழே படுத்தது அங்கேதான்.

தோட்டம் ஒரு அம்மாளுடையது. பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், பிறந்தவர், பாதி வெள்ளைக்கார வம்சம். ரயில்வேயில் இருந்த கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தார். ஊரில் எல்லோரும் தொரசானியம்மா என்பார்கள், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். வரும்படி போதாததால், தண்டில் தெரிந்த குடும்பங்களைச் சனி ஞாயிறுகளிலும் பள்ளிக்கூட லீவிலும் வரவழைத்துத் தங்கவைப்பார். புருஷன், பெண்சாதி, பிள்ளைகள், சில சமயம் கூண்டுக்கிளியோடுகூட வந்து இறங்குவார்கள். ஓசூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு நான் மாட்டுவண்டி கொண்டுபோவேன். வைக்கோல் மேல் ஜமுக்காளம் விரித்திருக்கும். வண்டி நகர்ந்ததும் பிள்ளைகள் கத்த ஆரம்பித்தால் பங்களா வாசல்வரை ஓயாது.

அவர்களுக்கு வேண்டியதெல்லாம் நாங்கள் தினமும் தின்பதுதான். கேழ்வரகுக் களியை உருட்டி நடுவில் குழி செய்து குழம்பு ஊற்றிக் கொடுத்தால், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே விழுங்குவார்கள். அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்யும் பிதுக்கம்பருப்புக் குழம்பு என் மனைவியின் கைக்கு நன்றாக வரும். கோழி, கொள்ளுச் சாறு, பண்டிகை என்றால் ஒப்பிட்டு என்கிற போளி. பக்கத்து ஊரில் எருது விடும் விழா நடந்தால் கூட்டிப்போய் வண்டிமேல் நிற்கவைத்துக் காட்டுவேன். பொழுது சாய்ந்ததும் பெரியவர்கள் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து திராட்சைச் சாராயம் குடிப்பார்கள். அவர்கள் அதை ஒயின் என்பார்கள்.

அந்த ஒயினைத் தொரசானியம்மா தானே போடுவார். பழத்தை உதிர்த்து மசித்து, சர்க்கரையும் கோதுமையும் சேர்த்து, பெரிய பீங்கான் ஜாடிகளில் ஊற்றி வாயைத் துணியால் கட்டி வைப்பார். தினமும் மரக்கரண்டியால் கிளறுவது என் வேலை. அப்போது மெட்ராஸ் ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. அவரிடம் பர்மிட் இருந்தது. வருகிறவர்கள் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் இருப்பவர்கள், அங்கே கடைகள் திறந்தே இருந்தன. இருந்தாலும் பழம் காய்த்த பந்தலுக்கு அடியிலேயே அதைக் குடிப்பது அவர்களுக்கு ஒரு திருப்தி. குடித்துவிட்டு, ஓசூர் மெட்ராஸோடு இருக்குமா மைசூரோடு போய்விடுமா என்று சண்டை போடுவார்கள். ராஜ்யங்களைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் இருந்த காலம். எனக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். நான் இரண்டு பக்கமும் பட்டினி கிடந்தவன்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன்பிறகு கிருஷ்ணகிரிப் பக்கம் கல் உடைத்தேன், கோலாரில் மண் சுமந்தேன், லாரிக்குக் கிளீனராகப் போனேன். ஒரு இடத்தில் மூன்று மாதம் இருந்தால் நான்காம் மாதம் கால் அரிக்கும். கல்யாணம் ஆனபின்பும் அது போகவில்லை. என் மனைவி வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என்னோடு தமிழும் அவள் வீட்டாரோடு தெலுங்குமாகத்தான் எங்கள் குடும்பம் நடந்தது. இதில் அவர்கள் தங்களுக்குள் பேசியதையெல்லாம் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று தொட்டிலிலேயே, இன்னொன்று தவழும்போது. மூன்றாவது பெண். அது பிறந்ததும் என் மனைவி ஒரு முடிவு செய்துவைத்திருந்தாள். பிள்ளைகள் தங்காத வீட்டில் எங்கள் பக்கம் செய்வதுதான். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது. குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். வாங்குகிறவள் வந்து எடுத்துக்கொண்டு, ஒரு முறம் தவிட்டைப் பெற்றவளிடம் கொடுப்பாள். அதன்பிறகு அந்தப் பிள்ளை பெற்றவளுடையது அல்ல. அவள் பிள்ளையைத் தேடி வரும் எமன், இங்கே உன் பிள்ளை எதுவும் இல்லை என்று திரும்பிப் போவான். பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், கூடவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மகளே என்று கூப்பிடக்கூடாது, அம்மா என்று கூப்பிடவைக்கக் கூடாது. காது குத்தும் வயது வந்து கண்டம் கழிந்தது என்று தெரிந்தால், அதே அளவு தவிடும் ஒரு சேலையும் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் மகளை வாங்கியவள் என் மனைவியின் அக்கா. அவளுக்குப் பிள்ளை இல்லை. விற்றது பேச்சுக்குத்தான். ஒரு வருஷம் குழந்தை எங்களோடுதான் இருந்தது. பிறகு நான் குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் புறப்பட்டேன். அங்கே மலைக்காய்ச்சல், கைக்குழந்தையோடு போனால் பிழைக்காது என்றார்கள். அக்காள் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். போன இடத்தில் இன்னொன்று பிறந்தது. அதை யாருக்கும் விற்கவில்லை, விற்க அங்கே எங்களுக்கு யாரும் இல்லை. அது காய்ச்சலில் போயிற்று. தவிட்டுக்கு விற்றது மட்டும்தான் உயிரோடு இருக்கிறது என்பதை என் மனைவி அதன்பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

குடகிலிருந்து திரும்பி ஓசூரில் இந்த வேலை கிடைத்ததும், அவள் கற்பூரம் ஏற்றி என்னிடம் சத்தியம் வாங்கினாள். இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. தங்க ஒரு அறை இருக்கிறது, மூன்று வேளையும் சோறு இருக்கிறது, மத்திகிரியில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளையைக் கொண்டுவந்துவிடலாம். நான் சத்தியம் செய்தேன், அதைக் காப்பாற்றவும் செய்தேன்.

ஓசூர் மலைக்கோயில் தேர் வருகிற சமயம் தண்டுக் குடும்பங்களுக்கு நோன்புக் காலம். ஈஸ்டர் வரை யாரும் உல்லாசத்துக்குப் புறப்பட மாட்டார்கள். பங்களா காலியாக இருக்கும். என் மனைவி தொரசானியம்மாவிடம் போய், தேருக்கு அக்கா குடும்பம் வருகிறது, எங்கள் அறையில் நெருக்கிப் படுத்துக்கொள்வோம் என்று அனுமதி கேட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மேன், முன் ரூம் சும்மாதானே கெடக்கு. திறந்து விடு. பெட்ஷீட் வெளுத்துப் போடு."

"வோணாங்கம்மா, அவங்க பாய்லயே படுப்பாங்க."

"கெஸ்ட்னா கெஸ்ட்தான். என் வீட்டுக்கு வந்துட்டு யாரும் பாயில படுத்தாங்கன்னு வெளியே பேச்சு வரக்கூடாது."

அக்காவுக்குச் சொல்லியனுப்பியிருந்தோம். தேருக்கு வாருங்கள், தேருக்கு மறுநாள் காலையில் தவிடு கொடுத்துவிடுகிறோம் என்று. வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பஸ் வந்து நின்றது. முதலில் என் சகலை இறங்கினார், கையில் ஒரு கோழி. பிறகு அக்கா. அவளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி இறங்கியது. நான்கு நாளுக்கு வருகிறவர்களுக்குத் தகரப் பெட்டி எதற்கு என்று கேட்க நினைத்து, புரிந்துகொண்டு கேட்காமல் இருந்தேன். கடைசியாக எங்கள் மகள் குதித்தாள். பால்பல் விழுந்து முன்னால் சந்து இருந்தது. பச்சைப் பாவாடை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுதான் சின்னாயனாவா?" என்று அக்காவிடம் கேட்டாள். சித்தப்பாவை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இவுங்க ஊர் ஊரா ஓடுவாங்கன்னு அப்பா சொன்னாரே, அவுங்களா?"

"வாய மூடுடி," என்றாள் அக்கா.

"இருக்கறதத்தானே கேக்குது," என்று சகலை வண்டியில் ஏறினார். "இன்னா சகலை, இந்த மாடாவது உன்கிட்ட நெலைச்சு நிக்குதா?"

பங்களா வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். குழந்தையைத் தூக்கவில்லை. கன்னத்தைத் தொட்டு, தொட்ட விரலைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "வா," என்று மட்டும் சொன்னாள். "பின்னி, நான் மொதல்ல தெராச்சை பாக்கணும்," என்றாள் குழந்தை. பின்னி என்றால் சின்னம்மா.

அந்த நாட்கள் நன்றாகவே இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். பெங்களூர்க்காரர்களுக்காக என் மனைவி என்னவெல்லாம் செய்வாளோ அதையெல்லாம் இவர்களுக்கு இரண்டு மடங்காகச் செய்தாள். பருவம் முடிந்துபோன அவரையை எங்கெங்கோ தேடி வாங்கிவந்து பிதுக்கினாள். சகலை கொண்டுவந்த கோழி அன்றே குழம்பாயிற்று. ஒப்பிட்டு தட்டி நெய் ஊற்றிச் சுடச்சுட வைத்தாள். அக்கா மேஜையில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கே வந்துவிடுவாள். குழந்தை பந்தலுக்கு அடியில் அலைந்தது. கைக்கு எட்டுகிற குலையையெல்லாம் தோலோடு தின்று, நாக்கை நீட்டி நீட்டி ஊதா நிறமாக இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்டது. தொரசானியம்மாவுக்கு எதிரே போய் நின்று, "ஒங்களுக்கு ஏன் பூனைக்கண்ணு?" என்று கேட்டது. அவருக்குத் தெலுங்கு தெரியாது. நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் பிஸ்கட் கொடுத்தார்.

சகலைக்கு ஒயின்மேல்தான் கண். தொரசானியம்மா நோன்பில் தாம் தொட மாட்டார். ஆனால் விருந்தாளிக்குக் கொடுக்காமல் இருக்க மாட்டார். சிறிய கண்ணாடித் தம்ளரில் ஊற்றி நீட்டினார். சகலை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சகலை, இது குடிக்கவா, கண்ணுல ஊத்திக்கவா?"

"மெதுவாப் பேசுங்க. அவங்களுக்குத் தமிழ் புரியும்."

"எங்க பக்கம் ஓடையத் தாண்டினா மைசூரு. ஈச்சங்கள்ளு சொம்புலதான் குடுப்பான், பாதி சொம்புன்னா மரத்துக்கே அவமானம்." ஒரே வாயில் ஊற்றிக்கொண்டு முகத்தைச் சுளித்தார். "கள்ளும் இல்ல, கஷாயமும் இல்ல. ஆனா நல்லாத்தான் இருக்குது. இன்னொன்னு கேளு."

தொரசானியம்மா சிரித்துக்கொண்டே ஊற்றினார். அக்கா தூரத்திலிருந்து, "மானத்த வாங்காதே," என்றாள். அவள் குரலிலும் அன்று கோபம் இல்லை. கொஞ்ச நேரம், நாங்கள் எதற்காகக் கூடியிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் மறந்திருந்தது என்று நினைக்கிறேன்.

மறக்காதவள் என் மனைவி ஒருத்திதான். தவிட்டை முந்திய வாரமே புடைத்து, கல் பொறுக்கி, புது முறத்தில் போட்டுச் சமையல்கட்டு அலமாரியின் மேல் வைத்திருந்தாள். பக்கத்தில் அக்காவுக்கு எடுத்த அரக்குச் சேலை. போகும்போதும் வரும்போதும் அண்ணாந்து பார்த்துக்கொள்வாள்.

தேர் அன்று காலை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். அக்கா உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துப் பந்தலில் பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். கொடிகளுக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"பின்னி, கண்ணு எரியுது."

"மூடிக்கோ. ஆயிடுச்சு, ஆயிடுச்சு."

"எங்கம்மா இவ்ளோ சீயக்கா போடாது."

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"என்னை அம்மான்னு ஒருவாட்டி கூப்புடு."

"அம்மா உள்ள இருக்குது."

"நாந்தான் உன்னைப் பெத்தவ. நாந்தான்டி உங்கம்மா."

குழந்தை யோசித்திருக்க வேண்டும். பிறகு சிரித்தது. "நீ பின்னி. எங்கம்மாவுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி. ஒனக்கு ஒரு பக்கம்தான்."

"என் மகளே," என்றாள் என் மனைவி. அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "பின்னி, என் மேல ஈரம் பண்றே," என்று குழந்தை கத்தியது. ஈரத்தோடு கட்டிக்கொண்டாள்போல. நான் அறுத்த குலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள்தானே பாக்கி என்றுதான் நினைத்தேன்.

தேருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். மலையடிவாரத்தில் கால் வைக்க இடம் இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று பாஷையிலும் கூச்சல். தேர்வீதி நெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள். பானகம், நீர்மோர், ஊறவைத்த பயற்றம்பருப்பு எல்லாம் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். குழந்தை ஒரு பந்தலையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் வாங்கிக் குடித்துவிட்டு எதில் இனிப்பு அதிகம் என்று சகலையிடம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தது. தேர் நகர்ந்தபோது சகலை தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். நல்ல வெயில். தேர் ஒரு முக்கில் திரும்ப முடியாமல் வெகுநேரம் நின்றது, நாங்களும் நின்றோம். குழந்தை ராட்டினத்தில் ஏறியது. என் மனைவி கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டாள். குழந்தையின் ஒரு கையை அக்காவும் மற்றொன்றை அவளும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

திரும்பும் வழியிலேயே குழந்தை வண்டியில் சுருண்டு படுத்துவிட்டது. பங்களா வருவதற்குள் வாந்தி எடுத்தது, ஊதா நிறத்தில். உடம்பு கொதித்தது. தொரசானியம்மா காய்ச்சல் குச்சியை வாயில் வைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்ல மேன். தோலோட திராட்சை, இந்த வெயில், கண்ட தண்ணி. நாளைக்கு ஓடும் பாரு," என்றார். ஈரத்துணி நனைத்துப் போடச் சொன்னார். அக்கா நெற்றியில் துணி போட்டாள்.

என் மனைவி உள்ளே வரவில்லை. பெங்களூர்க்காரப் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையென்றால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். இந்தக் குழந்தைக்கு அருகில் போகாமல் கதவுக்கு வெளியே நின்றாள். நான் போய்த் தோளைத் தொட்டதும் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் வாய விட்டுட்டேன்யா."

"எதுல?"

"கெணத்தண்ட. தவுடு இன்னும் கைமாறல. அதுக்குள்ள மகளேன்னு கூப்புட்டுட்டேன். கேட்டுடுச்சு அது." எது என்று நான் கேட்கவில்லை.

"வெயில்ல அவ்ளோ நேரம் நின்னுது. பானகம் வேற. எந்தப் புள்ளைக்குத்தான் காயாது? தொரசானியம்மா சொன்னதக் கேட்டல்ல?"

"அந்த மூணுக்கும் இன்னா வெயிலு அடிச்சுது?"

 

காலையில் நான் மாட்டைப் பார்க்கப் போனபோது அவள் எனக்கு முன்னால் தொட்டியண்டை நின்றிருந்தாள். புது முறம் காலியாகக் கீழே கிடந்தது. தவிட்டையெல்லாம் தொட்டித் தண்ணீரில் கொட்டிக் கையால் கரைத்துக்கொண்டிருந்தாள். மாடு இரண்டும் உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தன. குழந்தைக்குத் தண்ணீர் எடுக்க வந்த அக்கா அங்கேயே நின்றாள்.

"இன்னாடி இது?"

"மாட்டுக்குத் தவுடு."

"எந்தத் தவுடு?"

என் மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. "மொதல் பஸ்ஸுக்கே கெளம்பிடுக்கா. இங்க வோணாம். இந்த எடத்துல வெச்சிக்கினு இருக்க வோணாம்."

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். "நான் அவள விட்டுட்டுப் போறதுக்குதான்டி வந்தேன். அவ துணி ஒண்ணுகூட ஊட்ல இல்ல, எல்லாத்தையும் மடிச்சு எடுத்தாந்துட்டேன். பொங்கல்லேர்ந்து அவளத் தனியாப் படுக்கப் பழக்கறேன். என் மேல கால் போடாம அவளுக்குத் தூக்கம் வராது. எனக்கும் வராது. அப்பிடியும் பழக்கினேன். நீ சொல்லியனுப்பினேன்னுதான். இப்ப வோணாங்கறே."

"உன் மகள நீ கூட்டிக்கினு போக்கா."

உன் மகள் என்று அவள் சொன்னாள். அவர்கள் இரண்டு பேருக்கும் அது வெறும் வார்த்தை இல்லை. அன்று குப்பைமேட்டில் பேச்சுக்கு நடந்த விற்பனையை இவள் இப்போது தானாகவே நிஜமாக்கிவிட்டாள். அக்கா தங்கையின் ஈரக் கையைப் பிடித்தாள். தவிடு ஒட்டியிருந்த கை. இவள் உருவிக்கொண்டாள்.

நான் குறுக்கே பேசியிருக்கலாம். சகலை பேசினார். "சாதாக் காய்ச்சலுக்கு இவ்ளோ பெரிய கூத்தா? ரெண்டு நாள் இருந்து போலாம்," என்றார். இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொரசானியம்மா, காய்ச்சலோடு குழந்தையைப் பஸ்ஸில் ஏற்றுவது மடத்தனம் என்று என்னைத் திட்டினார். அவருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது?

வண்டி கட்டினேன். அக்கா மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அரக்குச் சேலையை என் மனைவி கொடுக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. வண்டி புறப்பட்டபோது குழந்தை கண்ணைத் திறந்து, "பின்னி எங்க?" என்றது. பிறகு எந்தப் பக்கம் என்று தெரியாமல் பொதுவாக, "பின்னி, போயிட்டு வரேன்," என்று குரல் கொடுத்தது.  பந்தலுக்குப் பின்னால் என் மனைவியின் புடவை தெரிந்தது, நான் மட்டும்தான் பார்த்தேன்.

பஸ்ஸில் ஏறும்போது அக்கா என்னிடம் சொன்னாள்: "வரச் சொல்லு. பின்னியா வந்துட்டுப் போகட்டும். அதுக்கு ஒண்ணும் ஆவாது."

மறுநாள் சாமான் வாங்க ஓசூர் போனபோது அதே பஸ் நின்றது. கண்டக்டருக்கு என்னைத் தெரியும். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"நேத்து காய்ச்சல்னு ஏத்திவுட்டியே, அந்தப் பொண்ணு சூளகிரி மலை தெரியறதுக்குள்ள எழுந்து ஒக்காந்துட்டுது. பஸ் நின்னதும் கடலைமிட்டாய் வோணும்னு ஒரே அழுகை. அவுங்கப்பா வாங்கிக் குடுத்தப்பறம்தான் வண்டிய எடுக்க வுட்டுது."

வண்டியை ஓட்டிக்கொண்டு ஏறக்குறைய ஓட்டமாகத் திரும்பினேன். இதைச் சொன்னால் போதும், வெறும் வயிற்றுக் கோளாறு என்று அவளுக்கே தெரிந்துவிடும், அடுத்த வாரமே போய் அழைத்துவந்துவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அவள் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்டக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் முகம் தெளிந்தது. நான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

"பாத்தியா," என்றாள். "என் எல்லையத் தாண்டினதும் வுட்டுப் போயிடுச்சு."

அதன்பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. அவள் அழுததை நான் பார்க்கவில்லை. குழந்தை பிழைத்துவிட்டது, தான் சரியான நேரத்தில் கையை எடுத்துவிட்டோம் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஈஸ்டருக்குத் தண்டுக் குடும்பங்கள் வந்தன. நான் வண்டி கொண்டுபோனேன். பிள்ளைகள் கத்தின. அவள் களி கிளறினாள், குழம்பு வைத்தாள், ருசி எப்போதும்போலத்தான் இருந்தது. பந்தலுக்குக் கீழே ஒயின் ஊற்றினார்கள், பாட்டுப் பாடினார்கள். வழக்கமாக வருகிற ஒரு பெண், கூச்சமில்லாமல் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் மனைவியின் இடுப்பில் வைத்துவிட்டுப் போனாள். எப்போதும் செய்வதுதான். என் மனைவி அந்தக் குழந்தையை ஜாக்கிரதையாகப் பாயில் உட்காரவைத்து, அது கவிழாமல் இருக்கத் தலையணை கொடுத்துவிட்டு, சமையல்கட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்புக்கு எதிரில் நின்றிருந்தாள்.

"போலாம்யா."

"எங்க?"

"எங்கயாவது. உனக்குத் தெரியாத ஊரா?"

"கற்பூரம் ஏத்தி சத்தியம் வாங்கினே."

"நானே சொல்றேன். போலாம்."

விருந்தாளிகள் போனபிறகு தொரசானியம்மாவிடம் சொன்னோம். அவருக்கு நம்ப முடியவில்லை. சம்பளம் போதவில்லையா என்று கேட்டார். சாப்பாட்டில் குறையா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். கடைசியில் என் மனைவியின் கையைப் பிடித்து, "வொய், சொல்லு, என்ன காரணம்?" என்றார்.

என் மனைவி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இவருக்கு ஒரு எடத்துல கால் தரிக்காதுங்கம்மா. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இதே பொழப்பு."

தொரசானியம்மா என் பக்கம் திரும்பினார். உருப்படாதவன், பெண்டாட்டிக்கு ஒரு கூரை கிடைத்தால் பொறுக்காதவன் என்றார். அவருக்குத் தெரிந்த எல்லா பாஷையிலும் திட்டினார். அதுவரை என் வாழ்க்கையில் அது எத்தனையோ தடவை உண்மையாக இருந்திருக்கிறது. "ஆமாங்கம்மா," என்றேன்.

ஓசூரில் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தோம். முதலில் அக்கா ஊர்ப் பக்கம் போகும் கிருஷ்ணகிரி பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையசைத்து, ஏறுகிறீர்களா என்று கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவள் மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்வரை அவள் தலையைத் திருப்பவில்லை. பெங்களூர் பஸ் வர நேரமாயிற்று. வந்ததும் எனக்கு முன்னால் எழுந்து ஏறினாள்.